கோல்ஃப் பந்து முதல் அன்னாசிப்பழம் வரை

கேள்வி: ஒரு பேனா, ஒரு ஆப்பிள், ஒரு அன்னாசி. இவற்றைப் பற்றிய ஒரு பாட்டை வைத்தே உலகத்தைச் சிரிக்கவைத்த பிக்கோதாரோ திடீரென்று எங்கிருந்து முளைத்தார்?

பதில்: முளைக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. பிக்கோதாரோ என்பது வேடம். வேடத்துக்குள் இருப்பவர் கோசாக்கா டைமாவோ. 1973-இல் ஜப்பானின் வடபகுதியான ஆவோமோரியில் பிறந்தவர். 1990-களில் ‘சோக்கோநுகே ஏர்லைன்’ என்ற மூவர் குழுவோடு மேடையேறினார். ஜப்பானிய மேடை நகைச்சுவையில் செல்வாக்கு மிக்கது ‘மன்சாய்’. மைக் முன் இருவர் நிற்பார்கள். ஒருவர் உளறுவார், மற்றவர் அவரை அதட்டித் திருத்துவார். கவுண்டமணி–செந்திலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். சோக்கோநுகே குழு அந்த ராஜபாட்டையில் போகவில்லை. டெக்னோ இசையையும் வெட்டி ஒட்டிய ஒலிகளையும் உடம்பசைவோடு கலந்து தனக்கென்று ஒரு வழி போட்டுக்கொண்டது.

கேள்வி: இப்படிக் கோணங்கித்தனம் செய்பவர்களைத் தொலைக்காட்சி உள்ளே விட்டதா?

பதில்: விட்டது, எடைபோட்டுப் பார்த்துவிட்டு. பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. 1999-இல் தொடங்கிய ‘பாகுஷோ ஆன் ஏர் பேட்டில்’ நிகழ்ச்சியில் நட்சத்திர நடுவர்கள் இருக்கவில்லை. பார்வையாளர்கள் 100 பேர்தான் நடுவர்களாக இருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் கோல்ஃப் பந்துகள் இருந்தன. ஒரு குழு பிடித்திருந்தால் பந்தைத் தடத்தில் உருட்டிவிட்டார்கள்; அது ஓடிப்போய் அந்தக் குழுவின் வாளியில் விழுந்தது. பிறகு கலைஞர்களே தங்கள் வாளியைச் சுமந்துவந்து தராசில் வைக்க வேண்டியிருந்தது. போட்டியிட்ட 10 குழுக்களில் எடை கூடிய 5 மட்டுமே ஒளிபரப்பாயின. மற்ற ஐந்தும் நடித்ததை நாடு பார்க்கவில்லை. வாளியோடு வந்து எடைபோட்ட முகத்தை மட்டும் பார்த்தது. திறமைப் போட்டிகளில் இத்தனை நேர்மையான ஏற்பாடு வேறெங்கும் எளிதில் அகப்படாது. சிபாரிசும் கண்ணீர்க் கதையும் தராசு முள்ளை அசைக்கவில்லை. இந்தத் தராசில் தேறி ஒளிபரப்பானவற்றில் சோக்கோநுகே ஏர்லைனும் ஒன்று.

கேள்வி: தேறியவர் ஏன் அப்போதே புகழின் உச்சிக்குப் போகவில்லை?

பதில்: குழு நிலைக்கவில்லை. 2000-களில் கோசாக்கா இசைப் பக்கம் சாய்ந்தார். பிறருக்கு இசை தயாரித்துக் கொடுத்தார். மேடைக்காரர் ஸ்டுடியோவுக்குள் கழித்த அந்த ஆண்டுகள் வீண் போகவில்லை என்பதற்கு அடுத்த பதில் சாட்சி.

கேள்வி: அந்த அன்னாசிப் பாட்டில் அப்படி என்னதான் இருக்கிறது?

பதில்: கச்சிதம் இருக்கிறது. காணொளி 2016 ஆகஸ்ட் 25 அன்று யூடியூபில் ஏறியது. செலவு சுமார் 1 லட்சம் யென் என்று சொல்லப்படுகிறது. வெள்ளைப் பின்னணி. சிறுத்தைப் புள்ளிச் சட்டை, கழுத்தில் பாம்புத்தோல் வடிவத் துண்டு, முறுக்கிய மீசை. இரண்டு கைகளும் காலி. ஒரு கையில் பேனா இருப்பதாக முகம் சொல்கிறது, மறு கையில் பழம் இருப்பதாகக் கண் சொல்கிறது. இரண்டையும் ‘உம்’ என்ற முனகலோடு குத்திச் சேர்த்ததும், பெரிய கண்டுபிடிப்பை முடித்தவர்போல ஒரு நிறைவு. பின்னால் பழைய ரோலண்ட் டி.ஆர்.-808 தாளக்கருவியின் மணியோசை. எல்லாம் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். நேரக் கட்டுப்பாட்டுக்குள் சிரிக்கவைத்தே தீரவேண்டிய போட்டி மேடையில் பழகியவருக்குத்தான் எதை விடவேண்டும் என்று இவ்வளவு துல்லியமாகத் தெரியும். மொழி தெரியாத குழந்தையும் ஒரே தடவை பார்த்துவிட்டுத் திருப்பிச் செய்ய முடிந்தது. பரவியதற்கு அதுவே முதல் காரணம்.

கேள்வி: ஜஸ்டின் பீபர் பகிராவிட்டால் யார் கண்ணிலும் பட்டிருக்காதே?

பதில்: 2016 செப்டம்பர் இறுதியில் பீபர் பகிர்ந்தது பெரிய தள்ளு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பகிரப்படுவதெல்லாம் நிற்பதில்லை. 45 விநாடிப் பாட்டாக அது அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 77-ஆம் இடத்தைப் பிடித்தது; அந்தப் பட்டியலில் அதுவரை நுழைந்தவற்றிலேயே மிகக் குட்டிப் பாட்டு என்று கின்னஸும் பதிந்துகொண்டது.

கேள்வி: மரபை மீறுகிறவர்கள் போட்டியிலேயே ஜெயித்ததுண்டா?

பதில்: உண்டு, அதுவும் கடைசி இடத்திலிருந்து. மன்சாய்க்காக 2001-இல் தொடங்கிய ‘எம்-1 கிராண்ட் பிரிக்ஸ்’ போட்டியின் பரிசு 1 கோடி யென். 2017 இறுதிச்சுற்றில் ‘மஜிக்கல் லவ்லி’ ஜோடி கடைசியில் வந்தது. மூத்த நடுவர் கமினுமா எமிகோ எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். 2020-இல் அதே ஜோடி அதே நடுவர் முன் மீண்டும் வந்தது. ஓடும் ரயிலில் கைப்பிடியைப் பிடிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பயணியாக, ஜோடியில் ஒருவரான நோடா தரையில் உருண்டு புரண்டார், ஏறத்தாழப் பேசவே இல்லை. மற்றவரான முராகாமி மைக்கை விட்டு நகராமல் வியந்துகொண்டிருந்தார். ஏழு வாக்குகளில் மூன்று பெற்றுப் பட்டம் வென்றார்கள். இதெல்லாம் மன்சாயா என்று இணையம் கொதித்தது. அந்தச் சண்டையே காணொளியைப் பார்க்காதவர்களையும் பார்க்கவைத்தது.

கேள்வி: ஜப்பானியச் சிரிப்பு வெளிநாட்டுப் போட்டிகளில் செல்லுபடியாகுமா?

பதில்: 2023-இல் ‘பிரிட்டன்ஸ் காட் டேலன்ட்’ மேடையில் ஜப்பானிய நகைச்சுவையாளர் யாசுமுரா நிரூபித்தார். உள்ளாடை மட்டும் அணிந்து, முழு நிர்வாணம்போலத் தோன்றும் கோணத்தில் உறைந்து நின்று, பிறகு திரும்பி ‘கவலை வேண்டாம், போட்டிருக்கிறேன்’ என்று அறிவிப்பதுதான் அவருடைய ஆட்டம். என்ன போட்டிருக்கிறார் என்பதை நடுவர்களே கூவி முடித்துவைத்தார்கள். இறுதிச்சுற்று வரை போனார்.

கேள்வி: பிக்கோதாரோ அந்த ஒரு பாட்டோடு சரியா?

பதில்: 2017 மார்ச்சில் டோக்கியோவின் நிப்பான் புடோக்கான் அரங்கில் நிகழ்ச்சி நடத்தினார். அதே ஆண்டு ஜூலையில் ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளுக்காகப் பாட்டை மாற்றி நியூயார்க்கில் பாடினார். 2020 ஏப்ரலில், கொரோனா தொற்று பரவியபோது, பேனாவையும் பழங்களையும் இறக்கிவைத்துவிட்டு அதே மெட்டில் சோப்பால் கை கழுவக் கற்றுக்கொடுத்தார்.