சின்னதாகிப் போன பட்டுப்பாவாடை

கேள்வி: மகளுக்குச் சின்னதாகிப் போன உடைகள் பீரோ நிறையக் கிடக்கின்றன. இணையத்தில் ஏலம் விட்டு நாலு காசு பார்க்கலாமா?
– ஒரு வாசகி, பிரம்மதேசம், திண்டிவனம் வழி

பதில்: காசு பார்க்கலாம், ஏலத்தை மறந்துவிடுங்கள். 2004-இல் பாஸி தளத்தை வாங்கி இங்கே ஏலக்கடை விரித்த ஈபேயின் இந்தியத் தளமே 2018-இல் மூடப்பட்டுவிட்டது. இப்போது ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் விலை போட்டு, பேரம் பேசி விற்பதுதான் வழக்கம்.

ஒற்றைக் கவுனை அனுப்பினால் லாபம் கூரியர்காரருக்கு. ஒரே வயதுக்கான துணிகளைக் கட்டாகச் சேர்த்து விற்றுவிடுங்கள். பட்டுப்பாவாடையை மட்டும் தனியாகப் போடுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கட்டியதோடு சரி, துணி நைவதற்குள் பிள்ளை வளர்ந்திருப்பாள்! உயரமும் இடுப்பளவும் எழுதி, பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். கறை இருந்தால் அதையும் காட்டுங்கள். வாங்குகிறவரும் ஒரு தாய்தானே. பள்ளிச் சீருடைக்கு இணையமே வேண்டாம், ஜூன் மாதம் அதே பள்ளி வாசலில் ஆள் கிடைக்கும்.

“பணம் அனுப்புகிறேன், யுபிஐ பின் நம்பரைப் போடுங்கள்” என்று யாராவது சொன்னால் உடனே போனை வைத்துவிடுங்கள். பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை.