பாசி வைத்தியர்

மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் இரண்டு ரகம். மீனைப் பார்ப்பவர் ஒரு ரகம், கண்ணாடியில் ஒட்டிய பாசியைப் பார்ப்பவர் இன்னொரு ரகம். இரண்டாவது ரகம் முற்றினால் பாசி வைத்தியர். சென்னை கொளத்தூரில் வரிசையாக வண்ணமீன் கடைகள், ஆகவே அங்கே இவர்களுக்குப் பஞ்சமில்லை. எங்கள் சதுரங்கப்பட்டினத்துக்கும் ஒருவர் வாய்த்திருக்கிறார்.

கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே அணுமின் நிலையத்தைக் குளிர்விக்கக் கடலடிச் சுரங்கம் வழியாகக் கடல்நீரை இழுக்கிறார்கள். கொட்டலசும் ஆளியும் உள்ளே குடியேறாமலிருக்கக் குளோரின் விடுவார்கள். "கடலுக்கே மருந்து போட்ட ஊருய்யா இது" என்பார். அப்படிப்பட்டவரை இப்போது ஒரு மூன்றடிக் கண்ணாடித் தொட்டி ஆட்டிவைக்கிறது. குளோரின் விட்டால் பாசிக்கு முன்னால் மீன் செத்துவிடும் என்பதுதான் அவருடைய ஓய்வுக்காலத்தின் ஒரே துக்கம்.

அவர் வீட்டுக்குப் போனால் காபிக்கு முன்னால் டார்ச் லைட் வரும். சாமி படங்களை அடுத்து எம்.ஓ.பி. அய்யங்கார் படம் மாட்டியிருப்பார். மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் பாசி ஆராய்ச்சியை வளர்த்தவர், இந்தியப் பாசியியலின் தந்தை. "யாருங்க, தாத்தாவா?" என்று விசாரிப்பவர்களுக்கு அரைமணி நேரம் விளக்கம் கிடைக்கும்.

அக்கம்பக்கத்துத் தொட்டிக்காரர்கள் பாசி பிடித்த இலையைப் பாட்டிலில் போட்டு எடுத்துக்கொண்டு வருவார்கள். விசாரணை இப்படிப் போகும்.

"லைட்டு எத்தனை மணி நேரம் எரியுது?"

"எட்டு மணி நேரம் சார்."

"வைத்தியர்கிட்ட பொய் சொல்லாதே."

"பன்னெண்டு சார்."

"தீனி?"

"பாப்பா போடறா. கேக்கும்போதெல்லாம் போடுவா."

"யாரு கேக்கும்போது? மீனா, பாப்பாவா?"

நாடி பிடிப்பதில் மனிதர் கெட்டிக்காரர், அதை மறுக்க முடியாது. புதுத் தொட்டியில் காப்பித்தூள் தூவினாற்போல் பழுப்பு படிந்திருந்தால் டயாட்டம். "பால்பல்லு மாதிரி, தானா விழும், போ" என்று அனுப்பிவிடுவார். கண்ணாடியிலும் அனுபியாஸ் இலையிலும் கெட்டியான பச்சைப் புள்ளி என்றால் பாஸ்பேட் போதவில்லை. கண்ணாடியை பிளேடால் சுரண்டச் சொல்வார். தண்ணீரே பச்சையாகிவிட்டால் தொட்டியைப் போர்வையால் மூடி நாலு நாள் இருட்டில் வை. நீலப்பச்சையாக, ஏடு ஏடாக உரிந்து, சேற்று நாற்றம் அடித்தால் அவர் முகம் மலர்ந்துவிடும். அது பாசியே இல்லை, பாக்டீரியா என்று தொடங்கி, அந்த இனத்தைப் பற்றி டி.வி. தேசிகாச்சாரி 1959-இல் எழுதிய பெரிய புத்தகம் வரைக்கும் போவார். அதே இனத்தை உழவர்கள் காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துத் தருமென்று காசு கொடுத்து வாங்கி நெல்வயலில் தூவுகிறார்கள் என்பதையும் சொல்லுவார். வந்தவருக்கு அழுவதா, ஒரு சிப்பம் கட்டி விற்பதா என்று புரியாது.

ஆனால் அவருடைய சொந்த எதிரி கருந்தாடிப் பாசி. ஃபில்டர் குழாயிலும் இலை ஓரத்திலும் கறுப்பாக, மூன்று நாள் சவரம் செய்யாத முகவாய் போல் முளைக்கும். கறுப்பாகத் தெரிந்தாலும் இனத்தால் அது செம்பாசி. ராமேசுவரம் பக்கம் பெண்கள் கடலில் மூழ்கி எடுத்து அகர் செய்ய விற்கிறார்களே, அந்த மரிக்கொழுந்துப் பாசிக்குத் தூரத்துப் பங்காளி. கரியமில வாயு ஒருநாள் கூடவும் ஒருநாள் குறையவும் வந்தால் இதற்குக் கொண்டாட்டம். நம்மவர் சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்த பாட்டிலில்தான் வாயு தயாரிக்கிறார், அது கூடாமல் குறையாமல் வந்ததாகச் சரித்திரம் இல்லை.

மருந்துக்கடையில் மூன்று சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கி, ஃபில்டரை நிறுத்தி, சிரிஞ்சால் தாடி மேல் சொட்டுச் சொட்டாக விடுவார். இரண்டு நாளில் தாடி ரோஸ் நிறமாகிச் சாகும். அந்த ரோஸ் நிறத்தைப் பேரன் பிறந்த செய்தி போல் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வருவார். அடுத்த மாதம் பக்கத்து இலையில் தாடி முளைக்கும். குளுட்டரால்டிஹைடு ஊற்றினார். தாடியோடு வாலிஸ்னேரியாச் செடியும் கூழாகிவிட்டது. செத்த செடி அழுகியதில் இழைப்பாசி வந்தது. இழைப்பாசிக்கு ஒரு மருந்து, அந்த மருந்துக்கு ஒரு பாசி.

சக்கர் மீனை மட்டும் அவர் சேர்ப்பதில்லை. கடைக்காரர்கள் தொட்டி சுத்தம் செய்யும் என்று விரலளவில் விற்பார்கள், முழங்கை நீளம் வளர்ந்ததும் வாங்கியவர்கள் ஏரியில் கொண்டுபோய் விடுவார்கள். இன்று வலையைக் கிழிக்கும் சனியன் என்று மீனவர்கள் அதைக் கரையில் வீசுகிறார்கள். இந்த விஷயத்தில் அவர் கோபம் நியாயமானது.

வெளியூர் போனாலும் நோய் விடாது. வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குக் குடும்பத்தோடு போனபோது எல்லோரும் முதலையைப் பார்க்க, இவர் தண்ணீரைப் பார்த்து, "நைட்ரேட்டு எகிறிப் போச்சு" என்றார். திருக்கழுக்குன்றம் சங்குதீர்த்தக் குளத்தில் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சங்கு பிறக்குமென்று ஊரே கைகூப்பி நிற்கும். இவரோ மீனுக்குப் பொரி போடும் பக்தர்களை எண்ணிக்கொண்டிருந்தார். "பொரி பூரா பாஸ்பேட்டுய்யா. மேல ஒரு மரம் இல்லை, நாள் பூரா வெயில்." வேண்டுதல் என்னவென்று மனைவி கேட்கவே இல்லை.

மீன்கூடையோடு வரும் குப்பத்து அம்மா ஒருநாள் தொட்டியை நோட்டம் விட்டு, "ஏன் சார், மீனு இருக்குதா உள்ள?" என்றாள். இருந்தது. அவருக்கே தேடத்தான் வேண்டியிருந்தது.

ஊருக்கெல்லாம் அவர் எழுதித்தரும் சீட்டில் மூன்றே வரிகள்: விளக்கு ஆறு மணி நேரம், தீனி ஒரு வேளை, வாரம் பாதித் தண்ணீர் மாற்று. தன் தொட்டிக்கு இந்தச் சீட்டை அவர் எழுதுவதில்லை. அது சாதாரணப் பாசிக்கானதாம், தன்னுடையது சிக்கலான கேஸாம்.

போன கோடையில் மகள் வீட்டுக்குப் பெங்களூரு போய் ஒரு மாதம் தங்கிவிட்டார். மாமி இங்கேயே இருந்தார். கரண்ட் பில்லுக்குப் பயந்து விளக்கைச் சாயங்காலம் மட்டும் போட்டார், ஞாபகம் வந்தால் தீனி போட்டார், கறிவேப்பிலைச் செடிக்கு நல்லது என்று வாரா வாரம் தொட்டித் தண்ணீரை வாளியில் மொண்டு ஊற்றி, புதுத் தண்ணீரைப் பிடித்துவைத்துக் குளோரின் வாடை போனபின் நிரப்பினார். வைத்தியர் திரும்பி வந்தபோது கண்ணாடி பளிச்சென்றிருந்தது. குழாயில் தாடி இல்லை. மீன்கள் ஏழும் எதிரே வந்து நின்றன.

பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, சுத்தமாத்தானே இருக்கு?" என்றார் மாமி.

"அதான் சந்தேகமா இருக்கு. அந்த டார்ச்சை எடு."