ஈஸ்டரும் போயாவைப் பார்த்துத்தான் வருகுது

பேர்ன், சுவிஸ்
கார்த்திகை மாதம்

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

"பணக்கார நாடெல்லே, மாதத்துக்கு நாலு லீவாவது தருவாங்கள்" என்று போனில் சொன்னீங்கள். கேளுங்கோ. அங்கே இலங்கையில் பௌர்ணமிக்குப் போயா, பிறகு பொங்கல், சிவராத்திரி, நோன்புப் பெருநாள், நத்தார் என்று வருடத்துக்கு இருபத்தைந்து வரை வரும். ஒருவரின்ர சாமிக்கு எல்லாருக்கும் லீவு. பேர்ன் மாநிலத்தில் மொத்தமே 9. அதிலும் ஒன்று ஞாயிறில் விழுந்தால் போனது போனதுதான், திங்களில் ஈடு இல்லை.

முழு நாட்டுக்கும் சட்டம் போட்டுத் தந்த லீவு ஓகஸ்ட் 1 மட்டுந்தான். 1291இல் பிறந்ததாகச் சொல்லுகிற நாடு, பிறந்தநாளுக்கு வேலையை விடலாமோ என்று 1993இல் சனத்திட்ட வாக்குக் கேட்டு, 1994இல்தான் விட்டது. மிச்சமெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. என்னோடு குசினியில் வேலை செய்கிற பெட்டைக்குப் பக்கத்து ஃப்ரிபூர்க் மாநிலம். அவளின்ர ஊர் கத்தோலிக்க ஊர். நற்கருணைப் பெருவிழாவுக்கு ஊரே கடை பூட்டிச் சுற்றுப்பிரகாரம் போகும். இவள் மட்டும் ரயிலேறி வந்து இஞ்ச கரட் வெட்டுவாள். வெள்ளவத்தையில் போயா, தெஹிவளைப் பாலம் தாண்டினால் வேலைநாள் என்றால் எப்படி இருக்கும்? அந்தக் கதைதான். ஆர்காவ் மாநிலத்தில் இன்னும் மோசம், மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும்.

தீபாவளிக்கு லீவு கேட்கப் போனேன். மேற்பார்வைக்காரி கணினியைத் திறந்து, "எத்தனையாம் திகதி?" என்றா.

"வருடத்துக்கு வருடம் மாறும். சந்திரனைப் பார்க்க வேணும்."

"சந்திரனையோ!" என்று சிரித்தா, ஏதோ நான் வேப்பிலையோடு வந்து நிற்கிற மாதிரி.

எனக்கு ரோசம் வந்திட்டுது. "அம்மா, உங்கட ஈஸ்டர் மட்டும் எப்படி வருகுது? மார்ச் 21இலோ அதுக்குப் பிறகோ வாற முதல் பௌர்ணமி கழிந்த முதல் ஞாயிறு. அதைப் பிடித்துத்தான் பெரிய வெள்ளி, ஈஸ்டர் திங்கள், விண்ணேற்ற வியாழன், பெந்தெகொஸ்தே திங்கள். உங்கட 9 லீவில் 4 போயா லீவு!" என்றேன். அவ கணினியில் தேடிப் பார்த்து முகம் சிவந்து, தீபாவளிக்கு அரை நாள் தந்தா. நீங்கள் நம்பாட்டில், கொட்டாஞ்சேனையில் லூசியாள் கோயிலுக்குப் போற உங்கட சிநேகிதியைக் கேளுங்கோ. 1966இல் ஞாயிறு லீவைப் பிடுங்கிப் போயாவுக்குக் குடுத்தபோது அவ எவ்வளவு கத்தினவ என்று நீங்கள்தானே சொன்னீங்கள்.

சாத்திரம் பார்க்கிறதிலும் இவை எங்களுக்குக் குறைவில்லை. சூரிச்சில் சித்திரை மாதத்தில் பனிமனிதன் பொம்மை ஒன்றின் தலைக்குள் வெடியை அடைத்து, பின்னேரம் ஆறு மணிக்கு நெருப்பு வைப்பினம். தலை கெதியாக வெடித்தால் கோடை நல்லது, பிந்தினால் கூடாது. 2023இல் 57 நிமிடம் எடுத்தது. கோடையோ நல்லாய்க் கொளுத்தியது. 2024இல் காற்றுக்குப் பயந்து அங்கே கொளுத்தவேயில்லை. பிறகு ஹைடன் என்ற வேறோர் ஊருக்குக் கொண்டுபோய் ஆனியில்தான் எரித்தார்கள். சூரன்போரை நல்லூரில் நிற்பாட்டி மன்னாரில் வைத்தால் எங்கட சனம் சும்மா விடுமோ?

இந்தக் கிழமை பேர்னில் வெங்காயச் சந்தை. நவம்பர் நாலாம் திங்கள், விடியப்புறம் குளிருக்குள் ஊரே எழும்பிப் போய், பூமாலை போலப் பின்னிய வெங்காயத்தை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வரும். உங்கட பக்கம் வெங்காய விலை ஏறுகிற நேரம் நீங்கள்தான் அதைக் கும்பிட வேணும்.

எங்கட முருகனும் இஞ்ச வந்து திருந்திவிட்டார். பல கோயில்களில் சனி, ஞாயிறில்தான் தேர். திதியும் நட்சத்திரமும் வேலைத்தலத்து அட்டவணைக்கு அடங்கிப் போகுது.

ஒரு உதவி, பெரியம்மா. அடுத்த வருட லீவை இந்த மாதமே எழுதிக் குடுக்க வேணும். தீபாவளி எப்ப, பம்பலப்பிட்டிக்கு ஆடிவேல் எப்ப வருகுது என்று பஞ்சாங்கம் பார்த்து வாட்ஸ்அப்பில் போடுங்கோ. வாக்கியப் பஞ்சாங்கத்தில் ஒரு திகதியும் திருக்கணிதத்தில் வேறொன்றும் இருந்தால் ஐயரோடு சண்டைக்குப் போகாதேங்கோ. ரண்டையும் அனுப்புங்கோ, ரண்டு நாளும் கேட்டுப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கட பெறாமகன்