தள்ளி நின்னு பயமுறுத்துற பேய்

ஏ பேராண்டி, ஒன் சேதி வந்துச்சு. ஒங்க தீம் பார்க்கத் தொறக்கப் போறாகளாம், ஒன்னயக் கொரோனாத் தடுப்பு அதிகாரின்னு போட்டிருக்காகளாம். நேத்து வரைக்கும் கேட்டுல நின்னு டிக்கெட்டு கிழிச்ச பய கழுத்துல இன்னைக்கு அடையாள அட்டை தொங்குது. சந்தோசம்லே. சினிமாக் கொட்டகையோட சேத்து இந்த 2020 நவம்பர் 10-லருந்து தொறந்துக்கிடலாம்னு கவர்மெண்டு சொன்னத நானும் பேப்பர்ல பாத்தேன். ஒங்க ஆச்சி வேற, "பயலுக்கு நாலு புத்தி சொல்லி அனுப்புங்க"ன்னு காலையிலருந்து நச்சரிக்கா. கெழவன்கிட்ட யோசன கேக்குற அளவுக்குக் கம்பெனி வந்திருச்சுன்னா நெலம மோசம்னுதான் அர்த்தம். கேட்டுட்டே, சொல்லுதேன்.

ஊரடங்குல எனக்கு வேற என்ன சோலி? திண்ணையே கதின்னு கெடந்தேன். மேலத்தெரு வாத்தியார் மகன் செல்லுல எதையாவது காட்டிக்கிட்டே இருப்பான். ஒலகத்துல எந்தெந்த ராட்டினம் எப்பச் சுத்துச்சு, எப்ப நின்னுச்சுன்னு இந்தக் கெழவனுக்கு இப்ப அத்துப்படி.

மொதல்ல ஜப்பான்காரன் கதையக் கேளு. அங்க கிழக்குச் சீமைக்கு ஒரு தீம் பார்க்குச் சங்கம், மேற்குச் சீமைக்கு ஒரு சங்கம். ரெண்டும் கூடி மே மாசக் கடைசியிலயே விதி எழுதிப்புட்டாக. ராட்டினத்துல போறவுக கத்தப்படாது. கத்துனா எச்சித் தெறிக்கும், எச்சியிலயும் கிருமி ஏறி வருதுங்கிறாக. நெசந்தான். சிறுபிள்ளைகளுக்கு வேசங்கட்டி வார வீரன் கைகுலுக்கப்படாது, தள்ளி நின்னு முறைச்சுக் காட்டிட்டுப் போயிரணும். வேலைக்காரப் பிள்ளைக வாய மூடியிருக்கிறதால கண்ணாலயும் கையாலயும் வணக்கஞ் சொல்லணும். இதுக்கெல்லாம் மேல ஒண்ணு இருக்குலே. பேய் பங்களாவுல இருக்கிற பேய், வார சனத்துகிட்ட நெருங்கப்படாது! தள்ளி நின்னுதான் பயமுறுத்தணும்.

எனக்குச் சிரிப்பு அடங்கல. நம்ம ஊர்ப் புளியமரத்துப் பேய்க்கு இப்படி ஒரு சுற்றறிக்கை போயிருந்தா என் வாலிபம் எம்புட்டு நிம்மதியாக் கழிஞ்சிருக்கும்! ஆனா ஒண்ணு, பேயைக்கூட மறக்காம விதிக்குள்ள கொண்டாந்துட்டான் பாரு, அங்கதான் அவன் நிக்கான். தோக்கியோவுல இன்னொருத்தன் அதுக்கும் மேல போயிட்டான். சனங்களக் காருக்குள்ளயே உக்கார வச்சுக் கொட்டகைக்குள்ள விட்டுட்டு, பேய்க வெளிய நின்னு கண்ணாடியில ரத்தத்தத் தேய்ச்சுக் காட்டுது. காசு வாங்குன பேய்.

இனித்தான் விசயம் இருக்கு, கவனி. ஃபுஜி மலைக்குப் பக்கத்துல ஃபுஜி-க்யூ ஹைலேண்டுன்னு ஒரு பார்க்கு. அங்க ஃபுஜியாமான்னு ஒரு ராட்டின வண்டி, 1996-ல போட்டது. ஒசரம் 79 மீட்டர். சிரீவில்லிபுத்தூர்க் கோபுரத்து உச்சியில நின்னு பாத்தாலும் இன்னும் அண்ணாந்துதான் பாக்கணும். அங்கருந்து மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்துல கீழ பாயுது. இதுல ஏத்தி வச்சு, "கத்தாதீங்க"ன்னா எவனாலய்யா முடியும்? வந்த சனம் மொணமொணத்துச்சு. முடியாத காரியத்தச் சொல்லுதீகளேன்னு ஏசுச்சு.

அதுக்கு அந்தக் கம்பெனி என்ன செஞ்சுச்சு தெரியுமா? அறிக்கை விடல. பலகையில எழுத்தப் பெருசு பண்ணல. அபராதம் போடல. பெரிய முதலாளிமார் ரெண்டு பேரு டிப்டாப்பா உடுத்தி, முகக்கவசத்த மாட்டி, அந்த வண்டியில முன்வரிசையில ஏறி உக்காந்துட்டாக. படம் ஓடுது. வண்டி ஏறுது, எறங்குது, கவுந்து சாயுது. தலைமுடி பறக்குது. அவுக ரெண்டு பேரும் துட்டி வீட்டுத் திண்ணையில உக்காந்த பங்காளிக கணக்கா மூஞ்சிய வச்சுக்கிட்டு, மூச்சுக் காட்டாம சுத்தி வந்து எறங்குதாக. கடைசியில ஒரு வரி: உள்ளத்துக்குள்ள கத்திக்கோங்க. அம்புட்டுத்தான். ஜூலை மாசம் ஒலகம் பூராவும் அந்தப் படந்தான் ஓடுச்சு. வாத்தியார் மகன் எனக்குக் காட்டுனப்ப நானும் திண்ணையில உக்காந்து உள்ளுக்குள்ளயே சிரிச்சுப் பாத்தேன். முடியலடா. இருமல்தான் வந்துச்சு. உடனே தெருவே என்னய ஒரு மாதிரி பாத்துச்சு.

இப்ப ஒங்க முதலாளியக் கொஞ்சம் நெனச்சுப் பாரு. அவரு ஏசி ரூம்புல உக்காந்து இருபது விதி எழுதுவாரு. ஒன்னயக் கூப்பிட்டுக் கண்டிசனாப் பாத்துக்கோம்பாரு. வெயில்ல நிக்கிறது நீ, ஏச்சு வாங்குறது நீ. வாரவன் எவனாவது, "நான் யாரு தெரியுமா?"ன்னு கேட்டா, விதிய மடிச்சுப் பையில வச்சுக்கிடுறதும் நீதான். அதனால சொல்லுதேன், எந்த விதியா இருந்தாலும் அதுல மொத ஆளா அவரு உக்காந்து காட்டட்டும். அந்தப் படத்த வாசல்ல ஓட விடு. ஒனக்குத் தொண்டத் தண்ணியாவது மிஞ்சும்.

சீனாக்காரன் சமாச்சாரம் வேற மாதிரி. சாங்காய் டிஸ்னிலேண்ட 2020 ஜனவரி 25-ல மூடுனவன் மே 11-ல தொறந்தான். நாளைக்கு 80,000 பேரு வரக்கூடிய எடம். முப்பது சதவீதம்னு கவர்மெண்டு சொல்லிருச்சு. கணக்குப் போட்டா 24,000. கம்பெனி, இன்னும் கொறச்சுத்தான் விடுவோம்னு சொல்லுச்சு. சொன்னதவிடக் கொறச்சு ஆள ஏத்துற கம்பெனிய இந்த வயசுல இப்பத்தான் கேள்விப்படுதேன். நம்ம மினி பஸ்சுக்காரன் காதுல விழுந்தா மயக்கம் போட்ருவான். செல்லுல நோய் இல்லைன்னு பச்சைச் சதுரம் வந்தாத்தான் உள்ள போகலாம்னு வச்சான், நிக்கிற எடமெல்லாம் தரையில கோடு, வண்டியில ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை.

ஒங்க பார்க்குல கோடு போடுவீக, அது எனக்குத் தெரியும். சுண்ணாம்புல வட்டம் போட்டு போட்டா எடுத்துப் பேப்பருக்குக் குடுத்துருவீக. வட்டத்துக்குள்ள செருப்பு நிக்கும், ஆளு மரத்தடியில கும்பலா நிப்பான். ரேசன் கடையில பாத்தமே!

அதெல்லாம் போகட்டும். ஆங்காங்கில டிஸ்னிலேண்டு ஜூன் 18-ல தொறந்துச்சு, ஊருக்குள்ள நோய் ஏறவும் ஜூலை 15-ல மூடிருச்சு. மறுபடி செப்டம்பர் 25-ல தொறந்துச்சு. தொறந்தத மூடத் தெரிஞ்சவன்தான்டா தொறக்கலாம். ஒங்க கம்பெனியில திறப்புவிழாவுக்கு ரிப்பன் வாங்கியிருப்பாக. எந்த நெலம வந்தா மூடணும்னு எங்கயாவது எழுதி வச்சிருக்காகளான்னு கேளு. கேட்டா ஒன்னய அபசகுனம் பிடிச்சவன்னு சொல்லுவாக. அதுக்கென்ன, அடையாள அட்டைக்கு அம்புட்டு வெல கூட குடுக்கலைன்னா எப்படி?

அமெரிக்காவுல ஃபுளோரிடா கூத்து தனி. ஜூலை 11-ல டிஸ்னி வேர்ல்டு கதவத் தொறக்கான். மறுநாளே அந்த மாகாணத்துல ஒரே நாள்ல 15,300 பேருக்கு நோய்னு கணக்கு வருது. வெளிய ஊரு தீப்பிடிச்சு எரியுது. உள்ள ஒழுங்குன்னா ஒழுங்கு, அப்படி ஒரு ஒழுங்கு! ரெண்டு வயசுக்கு மேல எல்லாருக்கும் முகக்கவசம். சனம் என்ன செஞ்சுச்சு? ஒரு தீனிய வாங்கிக் கையில வச்சுக்கிட்டு, திங்குறேன் திங்குறேன்னு கவசத்தக் கழட்டிட்டுத் திரிஞ்சுச்சு. அவன் தடுக்குல புகுந்தா இவன் கோலத்துல புகுந்துட்டான். உடனே கம்பெனி, நின்ன எடத்துலதான் திங்கணும், குடிக்கணும்னு விதிய மாத்துச்சு. ராட்டினத்துல எடுக்கிற போட்டாவுல கவசம் இல்லாம இருந்தா போட்டா கெடையாதுன்னுட்டான். இதுதான்டா சரியான அடி. அபராதத்துக்குப் பயப்படாத சனம் போட்டாவுக்குப் பயப்படும். இத நீ அப்படியே எடுத்துக்கிடலாம். முறுக்கும் பாப்கார்னும் விக்கிற எடத்துல மட்டும் ரெண்டு ஆளக் கூடப் போட்டுக்கோ. விதியெல்லாம் அங்கதான் நொறுங்கும்.

அந்த டிஸ்னி வேர்ல்டு வாசல்ல ஒரு அறிவிப்பும் உண்டு. சனம் கூடுற எடத்துல நோய் வாரதுக்கு வாய்ப்பு உண்டு, அத ஏத்துக்கிட்டுத்தான் நீங்க உள்ள வாரீகன்னு. வக்கீல் எழுதுனது. படிச்சதும் எனக்கு நம்ம சைக்கிள் ஸ்டாண்டு ஞாபகந்தான் வந்துச்சு: 'வண்டியில் உள்ள பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.' டிபன் கேரியரத் தொலச்சா சொல்லுத வார்த்தைய நுரையீரலுக்கும் சொல்லிட்டான். ஒங்க முதலாளி இந்த ஒண்ண மட்டும் அப்படியே காப்பி அடிப்பாரு, பாத்துக்கோ.

இனி அந்தத் துப்பாக்கி. நெத்தியில காட்டிக் காய்ச்சல் பாக்குமே, அது. போன வாரம் டவுனுக்குப் போயிருந்தேன். ஒரு கடை வாசல்ல செக்யூரிட்டிப் பய, செல்லுல பேசிக்கிட்டே என் மணிக்கட்டுல ஒரு சூடு போட்டான். "எம்புட்டுப்பா?"ன்னு கேட்டேன். பாக்காமலே, "நார்மல் தாத்தா"ங்கான். எட்டிப் பாத்தேன். அது காட்டுன டிகிரிக்கு நான் பாடையில இருக்கணும். இம்புட்டுக்கும் காய்ச்சலே இல்லாம நோயப் பரப்புறவன் உண்டுன்னு டாக்டருமாரே சொல்லுதாக. அந்தத் துப்பாக்கியால பிடிபடுறவன் கொஞ்சம், பக்கத்துல நின்னு படம் எடுத்துக்கிடுறவன் அதிகம். வச்சுக்கோ, வேண்டாங்கல. அத நம்பி மட்டும் இருக்காத.

கேக்கத்தான் ஆளில்லாத விசயம் ஒண்ணு இருக்கு, அத நீ கேளு. ஒவ்வொரு சுத்து முடிஞ்சதும் கைப்பிடியத் தொடைக்கணும்னு விதி போட்டிருப்பீக. தொடைக்கிறது யாரு? காண்ட்ராக்டுப் பிள்ளைக. மார்ச்சுலருந்து சம்பளம் இல்லாம ஊருக்கு வந்து கருவேல மரம் வெட்டிக்கிட்டு இருந்துச்சுகளே, அதுகதான். இப்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கீக. வந்த மறுநாளே அதுல ஒரு பயலுக்கு ஒடம்பு சுட்டா, ஒங்கிட்டச் சொல்லுவானா? லீவுன்னா கூலி கட்டு. கூலி கட்டுன்னா வீட்டுல அடுப்பு அணையும். அவன் ஒரு மாத்திரையப் போட்டுட்டு, முகக்கவசத்துக்குள்ள இருமிக்கிட்டே தொடைப்பான். அமெரிக்காவுல அம்புட்டுப் பெரிய டிஸ்னியே செப்டம்பர் கடைசியில 28,000 பேர வேலைய விட்டு நிறுத்துறோம்னு சொல்லிருச்சு. அதுல மூணுல ரெண்டு பங்கு, பகுதி நேரத்துக்கு வேல பாத்த சனம். வாரவன் காய்ச்சலப் பாக்குறதுக்கு ஆயிரம் ரூபாயில துப்பாக்கி வாங்குன முதலாளி, வேல பாக்குறவன் காய்ச்சலுக்கு ரெண்டு வாரக் கூலியத் தந்தார்னா நான் அவரக் கையெடுத்துக் கும்பிடுதேன். தள்ளி நின்னுதான் கும்பிடுவேன், விதி இருக்குல்ல.

ஆச்சி கபசுரக் குடிநீர்ப் பொடி ரெண்டு பொட்டலம் கட்டி வச்சிருக்கா. பஸ்சுல குடுத்து விடுதோம். ஒண்ணு ஒனக்கு. இன்னொண்ண ஒங்க முதலாளிகிட்டக் குடுத்து, வண்டியில ஏறுறதுக்கு முன்னால குடிக்கச் சொல்லு. அந்தக் கசப்புக்கே மூஞ்சி அசையாம இருந்தார்னா, ஜப்பான்காரன் மாதிரி கத்தாமச் சுத்தி வந்துருவாரு. படம் பிடிச்சு வாத்தியார் மகன் செல்லுக்கு அனுப்பு. அவரு வாயத் தொறந்தாரா இல்லையான்னு நான் பாத்துச் சொன்னதுக்கு அப்புறம் டிக்கெட்டு விக்க ஆரம்பிங்க.