மூக்கை எடுங்க, மாப்பிள்ளை

எங்க தெலுக் இந்தான்ல சாஞ்சு நிக்கிறவனை யாரும் சந்தேகமாப் பாக்க மாட்டாங்க. ஊருக்கு நடுவுல இருக்கிற கோபுரமே சாஞ்சுதான் நிக்குது. 1885-ல லியோங் சூன் சோங் கட்டினது. வெளியில நின்னு எண்ணினா எட்டு மாடி, உள்ளே போனா மூணே மாடி. உச்சியில தண்ணித் தொட்டியை வச்சாங்க, அடியில இருந்ததோ சதுப்பு மண்ணு. பாரம் தாங்காம ஒரு பக்கமா இறங்கிருச்சு. வெறும் பச்சைத் தண்ணியை வச்சுக்கிட்டே இந்தக் கதின்னா, மத்த சமாச்சாரத்தை நிதானமாத்தான் பேசணும். அதான் மாப்பிள்ளை, நீங்க கோலாலம்பூர்லேருந்து ஒவ்வொரு தடவையும் தூக்கிட்டு வர்ற சிவப்பு ஒயினைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லலாம்னு இருக்கேன். கோவிச்சுக்காதீங்க. பேத்தியைக் கட்டிக் குடுத்த உரிமை.

போன தடவை என்ன செஞ்சீங்க? சோறு ஆறிக்கிட்டு இருக்கு. நீங்க கிளாசைச் சுழட்டி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடி, ‘புகையிலை, கருப்புப் பழம், பழைய தோல்’னு சொன்னீங்க. உங்க பாட்டி சமையக்கட்டிலேருந்து எட்டிப் பாத்து, ‘என்னங்க, செருப்பு எதுவும் உள்ளே விழுந்துருச்சா?’ன்னு கேட்டா. நான் சிரிக்கல. சிரிச்சேன்னு உங்க வீட்டுக்காரி சொன்னா நம்பாதீங்க.

மூக்கை நம்பினவங்க கதை ஒண்ணு இருக்கு. பிரான்ஸ்ல போர்டோ பக்கம் ஒயின் படிப்புப் படிச்ச 54 பேரை உக்கார வச்சு, வெள்ளை ஒயின்ல வாசனையில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து குடுத்தாங்க. 2001-ல வந்த ஆய்வு. பெரும்பாலும் சிவப்பு ஒயினுக்குச் சொல்ற வாசனைகளையே எழுதி வச்சுட்டாங்க. படிச்ச மூக்கே கண்ணு சொல்றதைத்தான் கேக்குது. நம்ம மூக்கு பால்மரம் வெட்டி, ஒட்டுப்பால் நாத்தத்துல வளந்த மூக்கு. அதுகிட்ட போய் பழைய தோலை எதிர்பாக்கலாமா?

இன்னொண்ணு. ஒயினை ஏதோ நீங்கதான் தமிழனுக்கு அறிமுகப்படுத்தின மாதிரி பேசுறீங்க. யவனர் கொண்டுவந்த தேறலைப் பத்தி நக்கீரர் பாண்டியன் நன்மாறனுக்குப் புறநானூற்றுல பாடி வச்சிருக்கார். புதுச்சேரி பக்கம் அரிக்கமேட்டுல 1945-ல வீலர் தோண்டினப்போ ஒயின் வந்த ரெண்டு கைப்பிடி ஜாடிகளோட ஓடு கிடைச்சது. ஆக, இறக்குமதிச் சரக்கு மேல நமக்கு இருக்கிற ஆசைக்கு ரெண்டாயிரம் வருச வயசு. நடுவுல கப்பல் ஏறி இங்க தோட்டத்து வேலைக்கு வந்தோம். துரைக்கு ஒயின், நமக்குக் கள்ளுன்னு பாகம் பிரிஞ்சுது.

கள்ளுன்னதும் முகத்தைச் சுளிக்காதீங்க. சுளிக்க வேண்டியவங்க அப்பவே சுளிச்சாச்சு. சம்பளத்தை ஒரு கையால குடுத்துட்டு, கள்ளுக்கடையில இன்னொரு கையால வாங்கிக்கிட்டது தோட்ட நிர்வாகம். 1941-ல கிள்ளான் பக்கம் ஆர்.எச். நாதன் முன்னால நின்ன வேலைநிறுத்தத்துல, கூலி உயர்வோட சேத்து, கள்ளுக்கடையை மூடுன்னும் கேட்டாங்க. துரையைக் கண்டா சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்னும் சொன்னாங்க. 1947-ல கெடா பீடோங் பக்கம் ஏ.எம். சாமியோட தொண்டர் படை கள்ளுக்கடை வாசல்ல போய் மறியல் பண்ணுச்சு. அடிதடி, போலீசு எல்லாம் நடந்துச்சு. கள்ளு குடிச்சவனுக்குக் குடிகாரன்னு பேரு. பங்களாவுல ஒயின் குடிச்ச துரைக்கு ரசிகன்னு பேரு. ரெண்டும் புளிச்ச சாறுதான். ஒண்ணு தென்னம்பாளையில வந்துச்சு, ஒண்ணு திராட்சையில.

கணக்கு மட்டும் வேற. கள்ளுல சுமாரா நூத்துக்கு அஞ்சு பங்கு சாராயச் சத்து. உங்க ஒயின்ல பதிமூணு. ஒரு போத்தல் ஒயினைக் கவுத்தா ரெண்டரை போத்தல் கள்ளு உள்ளே போன மாதிரி. ‘கள்ளெல்லாம் எனக்கு ஒத்துக்காது தாத்தா, ஒயின் மட்டும்தான்’னு நீங்க சொன்னப்போ நான் மோட்டுவளையைப் பாத்துக்கிட்டு இருந்தது அதுக்குத்தான். இதயத்துக்கு நல்லதுன்னு மட்டும் சொல்லாதீங்க. பிரெஞ்சுக்காரங்க கொழுப்புத் தின்னும் நல்லா இருக்காங்க, காரணம் சிவப்பு ஒயின்னு 1991-ல அமெரிக்க டிவி ஒண்ணு கிளப்பிவிட்ட பேச்சு அது. பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாதுன்னு உலகச் சுகாதார நிறுவனம் 2023-ல சொல்லிருச்சு. குடிக்கிறதுன்னா ருசிக்குன்னு சொல்லிட்டு ஒரு கிளாஸ் குடிங்க. மருந்துன்னு சொன்னா பாட்டி கரண்டியிலதான் ஊத்துவா.

சரி, காசு. நூத்தி எண்பது வெள்ளிக்கு வாங்கினேன்னு நீங்க சொன்னப்போ எனக்கு அடிவயித்துல ஏதோ ஆச்சு. செவ்வாய்க்கிழமை ராத்திரிச் சோத்துக்கு அவ்வளவு தேவையில்ல. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கணும். நம்ம நாட்டுல கலால் வரி போத்தல் விலையைப் பாத்துப் போடறதில்ல, உள்ளே இருக்கிற சாராயச் சத்தைப் பாத்துப் போடறது. 2016 மார்ச்சிலேருந்து சுத்தச் சத்து லிட்டருக்கு 150 வெள்ளி. 2025 நவம்பர்ல அதுக்கு மேல இன்னொரு 10 சதவீதம். முக்கால் லிட்டர் போத்தல், 13 சதவீதம்னா, அந்த வரி மட்டும் 16 வெள்ளிக்கு வந்து நிக்கும். நாப்பது வெள்ளி போத்தலுக்கும் அதே 16, நானூறு வெள்ளி போத்தலுக்கும் அதே 16. கப்பல் கூலி, கடைக்காரர் லாபம், போத்தல், மூடி எல்லாம் கழிச்சா, ஆக மலிவான போத்தல்ல திராட்சை விளைவிச்சவனுக்கு என்ன மிஞ்சும்? அதனால தட்டுல ஆகக் கீழே இருக்கிறதை எடுக்காதீங்க. அதுக்கு அடுத்ததை எடுங்க. கூடக் குடுக்கிற அந்தப் பத்து, பதினஞ்சு வெள்ளியில ஒரு நல்ல பங்கு திராட்சைக்குப் போகும். அறுவது வெள்ளியோட நிறுத்திக்குங்க.

வரி முத்திரை இல்லாம, பின்வாசல்ல, பாதி விலைக்குத் தர்றேன்னு எவனாவது சொன்னா திரும்பிப் பாக்காம வந்துருங்க. 2018-ல நம்ம நாட்டுல மெத்தனால் கலந்த கள்ளச் சரக்கைக் குடிச்சு நாப்பது பேருக்கு மேல போய்ச் சேந்தாங்க. அதுல எனக்கு நையாண்டி கிடையாது.

திருகு மூடியைப் பாத்தா ஏன் மூஞ்சியைத் தூக்குறீங்க? தக்கைதான் உசத்தின்னு யார் சொன்னது? ஆஸ்திரேலியாவுல கிளேர் பள்ளத்தாக்குக்காரங்க 2000-ல ஒண்ணு சேந்து திருகு மூடிக்கு மாறினாங்க. தக்கையில வர்ற பூஞ்சை நாத்தம் வேண்டாம்னு. நமக்கு இன்னொரு லாபமும் இருக்கு. தக்கை திருகி வீட்டுல இல்லாம நீங்க ஸ்குரூ டிரைவரோட அரைமணி நேரம் மல்லுக்கட்டி, சட்டையெல்லாம் சிவப்பாக்கி, பக்கத்து வீட்டம்மா ஆம்புலன்சுக்குப் போன் பண்ணப் பாத்தாங்களே, அது நடக்காது.

இப்ப சோத்துக்கு வருவோம். இதுதான் விசயம், இதைத்தான் நீங்க யாரும் பேசறதில்ல. லேபிளைப் படிக்கிறீங்க, சட்டியைப் பாக்கறதில்ல.

சிவப்பு ஒயின்ல நாக்கைப் பிடிச்சு இழுக்கிறது துவர்ப்பு. தே ஓ கடுப்பமாப் போட்டா நாக்குல ஒட்டுது, பாலை ஊத்தி இழுத்துக் குடுத்தா அடங்கிருது பாருங்க, அதே சங்கதி. பால்ல இருக்கிற புரதம் துவர்ப்பைப் பிடிச்சுக்குது. ஆட்டுக்கறியும் அந்த வேலையைச் செய்யும். ஆனா மிளகாய்க் காரம் வேற மாதிரி. சாராயச் சத்து அதிகமாக அதிகமாக காரம் ஏறும், துவர்ப்பும் கூடச் சேந்து கத்தும். பாட்டியோட மிளகாய்த் தூளுக்கு முன்னால 15 சதவீத கேபர்னேயை வச்சீங்கன்னா, வாயில தீயணைப்புப் படை வரணும். போன தீபாவளிக்கு உங்க கண்ணுல தண்ணி வந்ததை, ஒயினோட அழகுல உருகிட்டீங்கன்னு என் பேத்தி ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்கா.

மிளகு போட்டு ஆட்டுக்கறி பெரட்டல் செஞ்சா ஷிராஸ் வாங்குங்க. அதுக்கு ஒரு காரணம் இருக்கு. ஷிராஸ்ல வர்ற மிளகு வாசனை சும்மா பேச்சில்ல. ரோட்டண்டோன்னு ஒரு பொருள், அதுதான் மிளகுலயும் வாசனை தர்றது, அதேதான் அந்தத் திராட்சையிலயும் இருக்குன்னு ஆஸ்திரேலியாக்காரங்க 2008-ல கண்டுபிடிச்சாங்க. மிளகை மிளகோட சேத்து வைக்கிறதுக்கு ஆய்வுக்கூடம் வேணுமா என்ன, ஆனாலும் தெரிஞ்சு வச்சிக்குங்க, ஆபீசுல பேச உதவும்.

கிச்சாப் கோழிக்கு, இனிப்பும் கருப்புமா இருக்கிற அந்தக் குழம்புக்கு, மெர்லோ போதும். சிலி நாட்டுக் கார்மெனேரும் ஒத்துப்போகும். அந்தக் கார்மெனேர் கதை தெரியுமா? சிலிக்காரங்க அதை மெர்லோன்னு நினைச்சே காலங்காலமா வளத்து, மெர்லோன்னே வித்தாங்க. 1994-ல ஒரு பிரெஞ்சு நிபுணர் வந்து உத்துப் பாத்து, இது வேற கொடிடான்னு சொன்னார். சொந்தத் தோட்டத்துல நிக்கிற கொடி என்னன்னு தெரியாமலே நல்லா வியாபாரம் பண்ணினவங்க இருக்காங்க. நீங்க லேபிளை உச்சரிக்கத் தெரியலன்னு கடையில வெக்கப்பட்டு நிக்க வேண்டியதில்ல.

மீனுக்கு மட்டும் ஜாக்கிரதை. சிவப்பு ஒயின்ல இரும்புச் சத்து கூடினா மீன்ல இருக்கிற கொழுப்போட சேந்து ஒரு கவிச்ச வாடை கிளம்பும்னு ஜப்பான்காரங்க 2009-ல சோதிச்சுச் சொன்னாங்க. சாடின் டின்னை உடைச்சு வெங்காயம் தக்காளி போட்டு வதக்கின ராத்திரியில அதை நீங்களே அனுபவிச்சீங்க, ஆனா மரியாதைக்கு ‘வித்தியாசமா இருக்கு’ன்னு சொன்னீங்க. ஊத்தியே ஆகணும்னா துவர்ப்பு கம்மியான, லேசான ஒண்ணை நல்லா குளிர வச்சு ஊத்துங்க. நெத்திலி சம்பலுக்கும் அதுதான் சட்டம். நம்ம பேராக் ஆத்து இறாலுக்குச் சிவப்பே வேண்டாம், அது பாவம், வெலை என்னன்னு உங்களுக்கே தெரியும். கருவாட்டுக் குழம்புக்கு எந்த ஒயின் பொருந்தும்னு கேக்காதீங்க. கருவாட்டுக் குழம்பு இருக்கிற வீட்டுல ரெண்டாவது ருசிக்கு இடம் கிடையாது. ரசத்துக்கு ரசம்தான்.

இந்த ஊர் வெயில்ல ஒயினை அலமாரியில வச்சுட்டு ‘அறை வெப்பத்துலதான் குடிக்கணும்’னு பாடம் எடுக்கிறீங்களே, எந்த அறை? அது குளிர் நாட்டுல கல்லு வீட்டு அறை, பதினாறு பதினெட்டு டிகிரி. நம்ம கூடத்துல முப்பத்திரண்டு. எங்க சித்தப்பா தோட்டத்துல துரைக்குச் சமையல் பாத்தவர். அறை வெப்பம் அறை வெப்பம்னு துரை கத்துவாராம். சித்தப்பா சரிங்கன்னு தலையாட்டிட்டு, போத்தலை ஈரத் துணியில சுத்தி, மண்பானைத் தண்ணியில ஒரு மணி நேரம் முக்கி வச்சு, துடைச்சுக் கொண்டுபோய் வைப்பாராம். ‘இதுதான் சரியான அறை வெப்பம்’னு துரை பாராட்டுவாராம். நீங்க ஐஸ்பெட்டியில ஒரு மணி நேரத்துக்கு மேல வைங்க, போதும். மிச்சம் இருந்தா மூடியைத் திருகி திரும்ப உள்ளேயே வைங்க, மூணு நாலு நாள் தாங்கும். அதுக்குள்ள நான் வந்து பாத்துக்கிறேன்.

கலிபோர்னியாவுல ஒரே ஒயினை 10 டாலர்னு ஒரு தடவையும் 90 டாலர்னு ஒரு தடவையும் சொல்லிக் குடுத்து, மூளைக்குள்ள படம் பிடிச்சாங்க, 2008-ல. விலை கூடினதாச் சொன்னப்போ மூளையில சந்தோசப் பகுதி நிஜமாவே கூடுதலா எரிஞ்சுதாம். அதைப் படிச்சதிலேருந்து எனக்குக் கை அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. போன மாசம் நீங்க ‘இதோட ஆழமே தனி தாத்தா’ன்னு சொல்லி ரெண்டாவது கிளாஸ் கேட்டீங்களே, அந்த நூத்தி எண்பது வெள்ளிப் போத்தல். அது முந்தின மாசமே காலி. உள்ளே இருந்தது நம்ம ஊர்க் கடையில நாப்பத்தெட்டு வெள்ளி. புனல் பிடிச்சது உங்க பாட்டி. நான் சாட்சி மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை வாங்க, ஆட்டுக்கறி சொல்லி வச்சிருக்கேன். ஒயின் நான் வாங்குறேன், நீங்க பேரம் பேசத் தெரியாம மாட்டிக்குவீங்க. உங்க தம்பியைக் கூட்டிட்டு வந்தா அவனுக்குச் சிராப்பு. 21 ஆகலையே, 2017 டிசம்பர்லேருந்து அதுதான் சட்டம். குடிச்சுட்டு ராத்திரியே கோலாலம்பூர் திரும்பறேன்னு கிளம்பாதீங்க. 2020-லேருந்து ரத்தத்துல அளவு 80 மில்லிகிராமிலேருந்து 50-க்கு இறங்கிருச்சு, முதல் தடவை பிடிபட்டாலே பத்தாயிரம் வெள்ளிக்குக் குறையாம அபராதம், சிறையும் உண்டு. பாய் விரிச்சு வைக்கச் சொல்லியாச்சு. கிளாசு கழுவுறது உங்க பொறுப்பு. அந்த நீளத் தண்டு கிளாசை வீட்டுலயே வச்சுட்டு வாங்க, இங்க பலகாரத் தட்டுக்குப் பக்கத்துல எவர்சில்வர் தம்ளர் நிறைய இருக்கு.