கறுப்பு மீது வழக்கு

கேள்வி: முள்ளந்தண்டில் திருகாணி பூட்டிய பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் அந்த இடமே கறுத்துக் கிடக்கிறது. சத்திரசிகிச்சை பிழைத்துவிட்டதா?
— வாசகர், சண்டிலிப்பாய்

பதில்: பிழைத்தது படம், முதுகைக் குற்றஞ்சாட்ட இந்தச் சாட்சி போதாது. காந்தப்புலத்தை நம்பித்தான் எம்.ஆர்.ஐ. உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் இடம் குறிக்கிறது. உலோகம் அந்தப் புலத்தைக் குழப்பினால் திருகாணி தன் பருமனைவிடப் பெரிய கறுப்பாகத் தெரியும். உருக்கைவிட டைட்டேனியத்தில் இது குறைவு. 3 டெஸ்லா இயந்திரத்தைவிட, காந்தப்புலம் வலுக்குறைந்த 1.5 டெஸ்லா இயந்திரத்திலும் குறைவு. முதுகின் கோளாறென்றால் இயந்திரத்தை மாற்றியதும் கறுப்பு சுருங்குமா? திருகாணியே பூட்டாமல் சத்திரசிகிச்சை செய்துகொண்டவருக்கும் கறுப்பு வருகிறதே என்பீர்கள். துளையிடும் கருவி உதிர்த்த, எக்ஸ்ரேக்கும் அகப்படாத உலோகத்தூளே அதற்குப் போதும். ஆனால் கறுப்பு நிரபராதி என்பதற்காக அதன் பின்னால் ஒளிந்திருப்பதும் நிரபராதி ஆகாது. கிருமித்தொற்றும் அங்கே மறையலாம். திருகாணி நகர்ந்ததா என்று பார்க்க சி.ரி. ஸ்கான் மேல். காய்ச்சல், காலில் பலக்குறைவு, சலம் போகாமை என்று ஏதும் புதிதாக வந்தால் படத்தோடு வாதாடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.