தொடர் செயல்முறை

அவருக்குப் பெயர் வேண்டாம். டோக்கன் 47 என்றே வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரியில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஒரகடத்தில் லைன் வீடு ஒன்றில் குடியிருப்பவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சர்க்கரை அவருடைய இரண்டு சிறுநீரகங்களையும் தின்று தீர்த்துவிட்டது. வாரத்துக்கு இரண்டு டயாலிசிஸ், ஒவ்வொன்றும் நாலு மணி நேரம். மகன் காண்ட்ராக்ட் தொழிலாளி, ஒரு கார் கம்பெனிக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் வெண்டர் கம்பெனியில். இந்தத் தாயையும் மகனையும் மட்டும் நான் கற்பனை செய்துகொள்கிறேன். மற்றதெல்லாம் நடந்தது. அதைக் கற்பனை செய்யும் அளவுக்கு எனக்குக் கெட்ட புத்தி கிடையாது.

2021 மே 10 முதல் ஊரடங்கு. மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. 24ஆம் தேதியிலிருந்து தளர்வே இல்லாத முழு ஊரடங்கு. அரசு பஸ் கிடையாது, டீக்கடை கிடையாது, காய்கறிக் கடைகூடக் கிடையாது. கத்திரிக்காய் வண்டியில் ஏறி வீதிக்கு வந்தது. ஆனால் கார் ஆலைகள் ஓடலாம். கத்திரிக்காய் வாங்கப் போனால் கொரோனா வரும், காருக்குக் கதவு மாட்டப் போனால் வராது. இப்படிப் பகுத்தறியும் வைரஸ் உலகத்தில் வேறெங்கும் பரவியதாகத் தெரியவில்லை.

ஊரடங்கு உத்தரவுகளில் ஓர் அருமையான சொல் உண்டு: ‘தொடர் செயல்முறைத் தொழிற்சாலைகள்’. நிறுத்தவே கூடாத ஆலைகள் என்று பொருள். நியாயமான சொல்தான். ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடி ஆலை இருக்கிறது. அதன் உலையை ஒருமுறை பற்றவைத்தால் வருஷக்கணக்கில் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அணைத்தால் உள்ளே உருகிக் கிடப்பதெல்லாம் இறுகி, உலையே வீணாகிவிடும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாதி செய்த கார் என்ன ஆகும்? புளித்துப்போகுமா? நூல்விட்டுவிடுமா? பத்து நாள் கழித்து வந்து பார்த்தாலும் கதவு மாட்டாத கார் கதவு மாட்டாத காராகவே நிற்கும், பாவம்.

நிறுத்தினால் நிஜமாகவே கெட்டுப்போகிற தொழிற்சாலை ஒன்று உண்டு. அது டோக்கன் 47-இன் விலா எலும்புக்குக் கீழே, முதுகுப் பக்கமாக இருந்தது. ஞாயிறு லீவு இல்லாமல் மூன்று ஷிஃப்ட் ஓடியது. அது படுத்துவிட்டதால் அந்த வேலையை இப்போது ஆஸ்பத்திரியில் ஒரு மெஷின் பார்க்கிறது. இரண்டு முறை தவறினால் கால் வீங்கும். மூன்றாவதும் தவறினால் படுக்க முடியாது, உட்கார்ந்தபடியேதான் மூச்சு வாங்க வேண்டும். அதற்கு மேல் போனால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். விலக்குப் பட்டியலில் இந்த ஆலைக்கு இடம் இருந்ததா? இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்: மருத்துவக் காரணத்துக்கு இ-பதிவு செய்துவிட்டுப் போகலாம். போவதற்கு வண்டிதான் இல்லை.

காலை 5.40. சாலையோரத்தில் கம்பெனி பஸ் நிற்கிறது.

“டேய், இது பெரும்புதூர் வழியாத்தான போவுது? என்னைய ஆஸ்பத்திரிகிட்ட எறக்கிவுடச் சொல்லேன்.”

“கம்பெனி ஐடி இல்லாம ஏத்த மாட்டாங்கம்மா.”

“எங்கிட்ட ஆஸ்பத்திரி நோட்டு இருக்குதே.”

“அது இங்க செல்லாதும்மா.”

மகன் ஏறிக்கொள்கிறான். ஜன்னலோர சீட்டில் ஒருவர், நடுவில் ‘இங்கே அமராதீர்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய சீட், அந்த ஸ்டிக்கரின் மேலேயே ஒருவர். தாய் ஆட்டோ தேடுகிறார். போகவர ஆட்டோக்காரர் கேட்கும் காசு, மகனின் இரண்டு நாள் சம்பளம்.

ஆஸ்பத்திரிக்குப் போவதா வேண்டாமா என்பதை நோயாளியே யோசித்து முடிவெடுக்கலாம் என்றார்கள் அப்போது. என்னவோர் உரிமை! சட்டமன்றத் தேர்தலில்கூடத் தரப்படாத அளவுக்குச் சுதந்திரம். கம்பெனியை மூடலாமா என்று அவரைக் கேட்கவில்லை. பஸ் விடலாமா என்று கேட்கவில்லை. எல்லாவற்றையும் மற்றவர்கள் முடிவுசெய்த பிறகு மிச்சமிருந்தது ஒரே ஒரு முடிவு: எதனால் சாகலாம்? அதை மட்டும் பெருந்தன்மையோடு அவர் கையில் கொடுத்தார்கள்.

போகிறார் என்று வையுங்கள். பல இடங்களில் டயாலிசிஸ் மெஷினில் படுப்பதற்கு முன் கொரோனா இல்லை என்று சான்று கேட்டார்கள். சான்றுக்கு ஆயுள் மூன்று நாள். அலை உச்சத்தில் இருந்தபோது முடிவு வரவே இரண்டு மூன்று நாள். ஆக, சான்று கைக்கு வரும்போதே அதற்குப் பால் ஊற்றும் நேரம். வாரம் இரண்டு டயாலிசிஸ் என்றால் வாரம் இரண்டு முறை மூக்கில் குச்சி, அதற்கு இரண்டு முறை வரிசை. அந்த வரிசையில் முன்னும் பின்னும் இருமிக்கொண்டு நிற்பவர்கள் யார்? தங்களுக்குக் கொரோனா இருக்கிறதா என்று பார்க்க வந்தவர்கள். கொரோனா இல்லை என்று நிரூபிக்கக் கொரோனா வரிசையில் நிற்க வேண்டும். இதை வகுத்தவருக்கு ஒரு விருது கொடுத்திருக்கலாம்.

இந்தப் பக்கத்துக்குப் பெரிய அரசு ஆஸ்பத்திரி செங்கல்பட்டு. அங்கே மே 4 இரவு 13 பேர் இறந்தார்கள். ஆக்ஸிஜன் அழுத்தம் குறைந்தது என்றார்கள் உறவினர்கள். தட்டுப்பாடே இல்லை என்றது அரசுத் தரப்பு. மறுநாள் செய்தியில் அதைப் பார்த்த பிறகு ஆஸ்பத்திரி நோட்டைக் கையில் எடுக்கத் தயங்கியவரைக் கோழை என்பீர்களா?

போகவில்லை என்று வையுங்கள். அதற்கும் ஒரு முழக்கம் தயாராக இருந்தது: விழித்திரு, விலகியிரு, வீட்டிலிரு. லைன் வீட்டில் பத்துக்குப் பத்து அறை; எட்டு வீட்டுக்கு இரண்டு கக்கூஸ், ஒரு குழாய். அதில் எங்கே விலகுவது? விழித்திருப்பது ஒன்றுதான் சாத்தியம், அதுவும் மூச்சு முட்டுவதால். போதாததற்கு எதிர்ப்புச் சக்தி உபதேசம் வேறு. கபசுரக் குடிநீர் குடியுங்கள், எலுமிச்சைச் சாறு குடியுங்கள், இளநீர் குடியுங்கள், ஆரஞ்சு சாப்பிடுங்கள். டயாலிசிஸ்காரர்களுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். பொட்டாசியம் உள்ளதாகப் பார்த்து இளநீரையும் ஆரஞ்சையும் விலக்கி வைத்திருக்கிறார்கள். ஊருக்கு மருந்தானது அவருக்கு நஞ்சு. அதைச் சொல்ல அந்த விளம்பரங்களில் ஒரு வரிகூட மிச்சமில்லை.

2020 மார்ச்சில் இங்கிலாந்தில் இப்படிப்பட்ட நோயாளிகள் சுமார் 15 லட்சம் பேரைக் கணக்கெடுத்து, ‘வெளியே வராதீர்கள்’ என்று கடிதம் போட்டார்கள். கடை கண்ணிக்குப் போக முடியாதவர்களுக்கு உணவுப் பெட்டி போனது. அங்கேயும் குளறுபடிகள் உண்டு, ஆயிரக்கணக்கில் செத்தார்கள், வெள்ளைக்காரன் புகழ் பாடும் உத்தேசம் எனக்கு இல்லை. ஆனால் யார் யார் பலவீனமானவர்கள் என்று உயிரோடு இருக்கும்போதே ஒரு பட்டியல் இருந்தது. நம்மிடமும் பட்டியல் இருந்தது, இறந்த பிறகு. ஒவ்வொரு மாலையும் சுகாதாரத் துறை அறிக்கையில் மரணங்களை இரண்டாகப் பிரிப்பார்கள்: இணைநோய் உள்ளவர்கள், இணைநோய் இல்லாதவர்கள். முதல் வகையில் ஒருவர் சேர்ந்துவிட்டால் கேட்பவர்களுக்கு ஒரு நிம்மதி. ‘சுகர் இருந்துச்சாம்.’ சர்க்கரை இருந்தது, சரி. கொன்றது எது? 5.40 பஸ்ஸில் மகனோடு ஏறி, இரவு மகனோடு வீட்டுக்கு வந்தது எது? அதற்கு அறிக்கையில் கட்டம் கிடையாது.

ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர், திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி, குரு ரகசியமாகச் சொன்ன மந்திரத்தை ஊருக்கெல்லாம் உரக்கச் சொன்னார் என்பார்கள். தனக்கு நரகம் கிடைத்தாலும் பரவாயில்லை என்றாராம். அதே ஊரைச் சுற்றியுள்ள ஆலைகளில் எந்த ஷிஃப்டில் எத்தனை பேருக்குத் தொற்று என்பது திருமந்திரத்தைவிடப் பெரிய ரகசியமாக இருந்தது. சொல்ல ஒரு கோபுரம்கூடக் கிடைக்கவில்லை.

கடைசியில் சத்தம் போட்டவர்கள் தொழிலாளர்கள்தான். மே 24 அன்று இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். 25 முதல் 29 வரை ஆலை மூடப்பட்டது. ஒரகடம் ரெனோ நிசான் தொழிலாளர் சங்கம், லைனில் போதிய இடைவெளி இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றுகிறோம் என்றது நிர்வாகம். 26ஆம் தேதி முதல் வேலைக்கு வர மாட்டோம் என்று சங்கம் சொன்னது. அன்றிலிருந்து 30 வரை அந்த ஆலையும் மூடப்பட்டது.

இதில் எனக்கு ஆத்திரம் எங்கே வருகிறது என்றால், அந்த மே மாதத்தில் டோக்கன் 47 போன்றவர்களுக்காக இந்தத் தொழிற்பேட்டையில் நடந்த உருப்படியான ஒரே சுகாதார நடவடிக்கை அந்த ஐந்து நாள் கதவடைப்புதான். அதைச் செய்தது சுகாதாரத் துறை அல்ல, தொழில் துறை அல்ல. சம்பளம் போனாலும் போகட்டும், வீட்டில் வயசானவங்க இருக்காங்க என்று தரையில் உட்கார்ந்தவர்கள் செய்தது. செய்திகளில் அதன் பெயர் ‘உற்பத்தி பாதிப்பு’.

மகனின் சம்பளத்தில் மாதாமாதம் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள், நூற்றுக்கு முக்கால் ரூபாய். நிர்வாகம் மூன்றேகால் ரூபாய் போடுகிறது. இத்தனை லட்சம் பேர் வேலை பார்க்கும் இந்தத் தொழிற்பேட்டையில் அந்தப் பணத்துக்கு ஒரு படுக்கை வேண்டாமா? 1998-இல் ஹூண்டாயின் முதல் கார் இங்கிருந்து வெளியே வந்தது. இரண்டாம் அலையின்போது இ.எஸ்.ஐ. அட்டைதாரர்கள் பெரிய சிகிச்சைக்குச் சுமார் 40 கிலோமீட்டர் தாண்டிச் சென்னை கே.கே. நகருக்குத்தான் போக வேண்டியிருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் 100 படுக்கைகள் கொண்ட இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டினார்கள், 2022 மே மாதத்தில்.